இரைச்சல் என்று நான் குறித்த இடம்

அம்மா கசெற்றை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“எல்லாரும் கதைக்கினம். இவன் எங்க?”

கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினி. அடுப்பில் பருப்பு அவிந்துகொண்டிருந்தது. மேசையில் எங்கள் பழைய ரேப் றெக்கோடர். அதன் மூடி உடைந்து, ரப்பர் பட்டி போட்டுக் கட்டியிருந்தோம். வெளியே துறைமுகத்துக்குப் போகிற லொறிகளின் சத்தம். அதையும் மீறி கசெற்றுக்குள்ளிருந்து ஓர் இரைச்சல் வந்தது. போத்தலுக்குள் அடைபட்ட வண்டு மாதிரி. ஏறும், இறங்கும், நிற்காது. அந்த வண்டுக்குப் பின்னால், வன்னியிலிருந்து என் சின்னம்மா கதைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா திரும்பவும் போட்டார்.

“றெஜி இங்கதான் அக்கா இருக்கிறான். அவன்தான் சைக்கிள் மிதிக்கிறான். கதையடா எண்டால் மாட்டானாம். கதைச்சா மூச்சு வாங்குமாம்.”

அம்மா நிறுத்தினார்.

“வேற ஒருத்தருக்கும் மிதிக்கத் தெரியாதாமோ? அவன் இன்னும் என்னோட கோவம். அதுதான் விசயம்.”

பருப்பு அடிப்பிடித்து மணத்தது. அம்மா எழும்பவில்லை.

சைக்கிள் ஏன்

இளம் வாசகர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். சில ஆட்கள் எனக்கு எழுதுகிறார்கள், யுத்த காலத்தைப் பற்றி எழுதாமல் ஒலிப்பதிவு பற்றி மட்டும் எழுதுங்கள் என்று. இரண்டையும் பிரிக்கிற பில்டர் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள்.

அந்த வருடங்களில் வன்னிக்கு மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுபோக ஆமி விடாது. ரேடியோ கேட்கவேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் ஏறி மிதிக்கவேண்டும். மிதிக்கும்வரை பாட்டு வரும். நிறுத்தினால் செய்தி பாதியில் செத்துப்போகும். கசெற்றில் குரல் பதிந்து கொழும்புக்கு அனுப்புவதென்றாலும் இதே கதைதான். கடிதம் எழுதத் தெரியாத வீடுகள் மட்டுமல்ல, எல்லா வீடுகளும் கசெற் அனுப்பின. குரல் கேட்டால்தான் ஆள் உயிரோடு இருப்பதாக நம்பினார்கள்.

எங்கள் கசெற்றை ஒரு கன்னியாஸ்திரி கொண்டுவந்து தந்தார். சுற்றியிருந்த துணியில் வேப்பிலையும் மண்ணெண்ணெயும் கலந்த மணம் இருந்தது.

றெஜி என் ஒரே தம்பி. மருதானையில் மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற ஒரு பட்டறையில் வேலை செய்தவன். எரிந்துபோன காற்றாடியைக் கொடுத்தால் அது திரும்பவும் சுழலும். ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டுபோய் உள்ளே வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள். வந்தவனுக்கு இடது கையைத் தூக்க ஏலாது. என்ன நடந்தது என்று கேட்டால் எழும்பிப் போய்விடுவான்.

அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோபம் வந்தால் கத்தமாட்டான். கோப்பையில் சோறு பாதி இருக்க எழும்பிப் போவான். பஸ்ஸில் என்னோடு சண்டை வந்தால் அடுத்த தரிப்பில் இறங்கி நடப்பான். கோபத்தோடு ஓர் இடத்தில் இருக்க அவனுக்குத் தெரியாது.

அவனை வன்னிக்கு அனுப்பியது அம்மா.

“இங்க நீ இருந்தா நான் கதவுச் சத்தத்துக்கெல்லாம் செத்துச் செத்துப் பிழைக்கவேணும். சின்னம்மாட்டப் போ.”

“நான் ஒரு பிழையும் செய்யேல்லையே அம்மா. நீங்களே என்னைத் துரத்துறீங்களா?”

“ஓம். துரத்துறன். போ.”

அவன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் வன்னிப் பாதை மூடியது. பாதுகாப்பாக இருப்பான் என்று அனுப்பிய இடத்தில்தான் பிறகு ஷெல் விழுந்தது. அம்மா அந்த ‘ஓம்’ என்ற சொல்லை எத்தனை தரம் திரும்ப விழுங்கப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் அந்தக் கசெற்றில் அவருக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. றெஜியின் ஒரு சொல். திட்டினால்கூடப் பரவாயில்லை.

ரெயிலுக்குப் பக்கத்தில் ஸ்ரூடியோ

நான் அப்போது வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருந்த சின்ன ஸ்ரூடியோவில் வேலை செய்தேன். அதன் முதலாளி நஸார் நானா. ஒலிப்பதிவு ஸ்ரூடியோவை ரெயில் பாதைக்குப் பக்கத்தில் கட்டிய உலகத்தின் ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும். கோச்சி வரும்போதெல்லாம் பாடகர் பாதியில் நிற்கவேண்டும். நானா எழும்பி ஜன்னலைப் பார்த்துத் திட்டுவார்.

“இந்த டைமுக்கு ஏன்டா வாற? ஒனக்கு வேற நேரம் இல்லையா?”

ரெயில் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

சவர்க்கார விளம்பரம், கலியாண வீடியோவுக்குப் பின்னணி, தேவாலயப் பாடல் கசெற். இதுதான் எங்கள் தொழில். வருகிற ஆண்கள் என்னைப் பார்த்து “மிஸ், சவுண்ட் எஞ்சினியர் எப்ப வருவார்?” என்று கேட்பார்கள். நான் “அவர் செத்துப்போனார், நான்தான் இருக்கிறன், கதிரையில இருங்கோ” என்பேன். நானா உள்ளே போய்ச் சிரிப்பார்.

அந்தக் காலத்தில்தான் நானா ஒரு கொம்பியூட்டர் வாங்கினார். ஒரு பெடியன் சீடியில் ஒரு சொஃப்ட்வெயாரை எரித்துக்கொண்டு வந்து தந்தான். கள்ளப் பிரதிதான். வேறு எப்படிக் கிடைக்கும்?

அதற்கு முன் சத்தத்தைச் சரிசெய்வதென்றால் இரும்புப் பெட்டிகள் வேண்டும். பாஸ் சுரத்தைக் குறைக்க ஒரு பெட்டி, எதிரொலிக்கு ஒரு பெட்டி. எங்களிடம் இருந்தவை பாதி பழுது. இந்தச் சொஃப்ட்வெயாரில் திரையில் வெறும் கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு பில்டர். இன்னொரு கட்டம் சத்தத்தை அளக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கோடு இழுத்தால் வயர் கொடுத்த மாதிரி. உங்களுக்குத் தேவையான மெஷினை நீங்களே கட்டலாம். சொல்டர் மணக்காது, கை சுடாது. பிழைத்தால் கோட்டை அழித்துவிட்டுத் திரும்ப இழுக்கலாம்.

என் வாழ்க்கையில் அப்படி அழித்து இழுக்கக்கூடியதாக வேறு எதுவும் இருந்ததில்லை. நான் அதில் பைத்தியமானேன்.

கட்டுவது பாதி வேலைதான். மற்றப் பாதி ரியூன் செய்வது. ஓர் இலக்கத்தைக் கொஞ்சம் கூட்டு, கேள். குறை, கேள். கூட வெட்டினால் மனிதக் குரல் தண்ணீருக்குள் கதைப்பதுபோல வரும். குறைய வெட்டினால் இரைச்சல் பல்லைக் காட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. அதைக் காதால்தான் பிடிக்கவேண்டும். இதைக் கலை என்று ஒருவர் மேடையில் பேசினார். கலையுமில்லை மண்ணாங்கட்டியுமில்லை. பொறுமை.

வண்டைப் பிடித்தல்

அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்தேன். “அந்த இரைச்சலை எடுத்துவிடுறன். அதுக்குள்ள அவன் ஏதாவது சொல்லியிருந்தா கேக்கும்.”

கசெற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் இறக்கிச் சோதித்தார்கள். ஒரு ஆமிக்காரன் கசெற்றைத் தூக்கி வெயிலில் பார்த்தான், ஏதோ உள்ளே ஆள் ஒளிந்திருக்கிற மாதிரி.

“மே மொகக்த?” இது என்னவென்று கேட்டான்.

“பல்லியே கீதிகா, மாத்தயா” என்றேன். தேவாலயப் பாட்டு என்று.

கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தான். திருப்பித் தந்தான். என் தம்பியின் வயதுதான் அவனுக்கும் இருக்கும். அந்த வயதில் இரண்டு பேரும் வேறு ஏதாவது செய்துகொண்டிருந்திருக்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

கொம்பியூட்டரில் ஏற்றிப் பார்த்தபோது வண்டின் உருவம் தெரிந்தது. சொஃப்ட்வெயார் சத்தத்தைப் படமாகக் காட்டும். இடமிருந்து வலம் நேரம். கீழே தடித்த சுரம், மேலே மெல்லிய சுரம். வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் என்றால் நேர்க்கோடாக இருக்கும், கத்தியால் கீறி எடுத்துவிடலாம். இது நேராக இல்லை. வளைந்து வளைந்து போனது. ஆள் மிதிக்கிற வேகத்துக்கு ஏற்ப இரைச்சலின் சுரமும் ஏறி இறங்கியது.

றெஜிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. டைனமோவுக்கும் றெக்கோடருக்கும் நடுவில் நல்ல கப்பாசிற்றர் ஒன்று போட்டிருந்தால் இரைச்சல் வந்தே இராது. கப்பாசிற்றரும் வன்னிக்குப் போகவிடாத சாமான்.

ஆகவே ஓடுகிறதைத் துரத்துகிற பில்டர் ஒன்றைக் கட்டினேன். ஒரு கட்டம் இரைச்சல் இப்போது எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று தேடும். அடுத்த கட்டம் அந்த இடத்தில் மட்டும் மெல்லியதாக வெட்டும். அது நகர்ந்தால் வெட்டும் நகரும். கடைசிக் கட்டம் மிச்சமிருக்கிற ரேப்பின் கரகரப்பைக் கழிக்கும். வேகமாகத் துரத்தவிட்டால் அது சின்னம்மாவின் குரலையே பிடித்துக் கடித்தது. மெதுவாக விட்டால் வண்டு தப்பியது. விளம்பர வேலை இல்லாத பகல்களில் எல்லாம் உட்கார்ந்து ரியூன் செய்தேன்.

நானா எட்டிப் பார்ப்பார். “என்ன தங்கச்சி, இன்னமும் அந்த சைக்கிளயா துரத்துற? இந்நேரம் அது யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திரிக்கும்.”

கரகரப்பைக் கழிக்கிற அந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ‘எது இரைச்சல்’ என்று முதலில் நாங்கள் அதற்குக் காட்டவேண்டும். யாரும் கதைக்காத ஓர் இடத்தைத் தெரிவுசெய்து, இதுதான் இரைச்சல், படித்துக்கொள் என்று சொல்லவேண்டும். அது படித்துவிட்டு, கசெற் முழுவதிலும் அதே மாதிரி உள்ளதைக் கழிக்கும்.

அப்படி ஓர் இடம் கசெற்றின் கடைசியில் இருந்தது. “சரி அக்கா, வைக்கிறன், கோழியளை அடைக்கவேணும்” என்று சின்னம்மா சொல்லிவிட்டுப் போகிறார். செருப்புச் சத்தம் தூரமாகிறது. அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. வெறும் இரைச்சல். நீளமாக. சுட்டியால் இழுத்து அந்த இடம் முழுவதையும் குறித்தேன். இதுதான் இரைச்சல் என்றேன்.

அருமையாக வேலை செய்தது. சின்னம்மா பக்கத்து அறையில் இருப்பதுபோலக் கதைத்தார். அவர் மகளின் சிரிப்பு, கோழி, தூரத்தில் மணி, எல்லாம் கண்ணாடி மாதிரி. நானா ஹெட்போனைக் காதில் வைத்துவிட்டு “அடேயப்பா” என்றார்.

றெஜி மட்டும் இல்லை. ஒரு சொல்கூட.

கழித்ததைக் கேட்டல்

வேலை முடிந்தபிறகு செய்யவேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. ஒழுங்காகத் தொழில் செய்கிற எவரும் இதைத் தவறவிடமாட்டார்கள். எடுத்து எறிந்ததை மட்டும் தனியாகக் கேட்பது. அதற்கு ஒரு பட்டன் உண்டு. குப்பைக்குள் குரலும் போய்விட்டதா என்று பார்க்கத்தான் அது. குரல் போயிருந்தால் திரும்ப ரியூன் செய்யவேண்டும்.

அமத்தினேன்.

சின்னம்மா இல்லை. கோழி இல்லை. வெறும் வண்டு. நான் சோதித்துக்கொண்டுதான் இருந்தேன், தொழில்காரியாக. கொஞ்ச நேரத்தில் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அது வண்டு இல்லை. கால்கள்.

வலது கால், இடது கால், வலது கால். இடதில் கொஞ்சம் தளர்ச்சி. ஏறும்போது இழுத்து, இறங்கும்போது விட்டு. ஓரிடத்தில் இரைச்சல் விழுந்து கிட்டத்தட்டச் செத்துப்போனது. அந்த இடத்தில் கதை என்ன என்று முழுக் கசெற்றில் போட்டுப் பார்த்தேன். சின்னம்மா சொல்கிறார்: “உனக்குச் சீனி வருத்தம் கூடிப்போச்செண்டு சிஸ்டர் சொன்னா, கவனமா இரு அக்கா...” அவரது குரல் கீச்சென்று மெலிகிறது, றெக்கோடருக்குக் கரண்ட் காணாமல். உடனே, “டேய், மிதியடா! நிக்கப்போகுது!” பிறகு இரைச்சல் எழும்புகிறது, முந்தியதைவிட வேகமாக.

எத்தனையோ தரம் கேட்ட கசெற். அந்த ‘மிதியடா’வைச் சின்னம்மாவின் பகிடி என்றுதான் நினைத்திருந்தோம்.

பிறகு கடைசி இடத்துக்குப் போனேன். இரைச்சல் என்று நான் குறித்த இடம். அம்மா ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. ‘வைக்கிறன்’ என்றதும் நிறுத்திவிடுவார். மிச்சம் வெறும் ரேப் என்று நினைப்பு. எனக்கும் அதே நினைப்புத்தான்.

வெறும் ரேப்பில் டைனமோ எப்படி இரையும்?

அம்மா வந்த நாள்

அம்மா கொட்டாஞ்சேனையை விட்டு வெளியே வரமாட்டார். சோதனைச் சாவடிகளுக்குப் பயம். அவரை ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ்ஸில் ஏற்றி வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனேன். பூசைச் சேலை, முழங்கை வரை பவுடர். நானா தன்னுடைய கதிரையைக் கொடுத்தார்.

“உம்மா, பிளேன்டி குடிக்கிறீங்களா? சீனி இல்லாம?”

“வேண்டாம் தம்பி. முதல்ல அவன்ர குரலைப் போடுங்கோ.”

“குரல் இல்லை அம்மா” என்றேன். “இதைக் கேளுங்கோ.”

முதலில் சுத்தம் செய்ததைப் போட்டேன். தன் தங்கச்சியின் குரலைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தார். பிறகு கடைசி இடத்தைப் போட்டேன், பில்டர் ஒன்றும் இல்லாமல்.

“இது அந்தச் சனியன் பிடிச்ச இரைச்சலெல்லோ?”

“ஓம். சின்னம்மா போயிட்டா. ஒருத்தரும் இல்லை. பதிய ஒண்டும் இல்லை. இவன் ஏன் இன்னும் மிதிக்கிறான்?”

அம்மா குனிந்தார். காதிலிருந்த ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் கோச்சி வந்தது. கண்ணாடி அதிர்ந்தது. நானா ஜன்னலைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. நான் நிறுத்தி, ரெயில் போகும்வரை காத்திருந்து, முதலிலிருந்து போட்டேன்.

இரைச்சலுக்கு நடுவில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது.

றெஜி பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கமுன் அப்படித்தான் செருமுவான். வீட்டில் ஏதாவது கேட்கவேண்டுமென்றாலும் முதலில் செருமுவான், பிறகு சுவரைப் பார்ப்பான், பிறகுதான் கேட்பான். கசெற்றில் இன்னொரு தரம் செருமினான். மூச்சை இழுத்தான். சொல் வரவில்லை. மிதித்தான்.

“கதைக்க வெளிக்கிட்டவன்” என்றார் அம்மா. “கதைக்கத்தான் வெளிக்கிட்டவன்.”

“ஓம்.”

“கோவம் எண்டா இறங்கிப் போயிருப்பான்.”

அதை நானே சொல்லத்தான் அவரை அவ்வளவு தூரம் கூட்டிவந்திருந்தேன். அவரே சொல்லிவிட்டார்.

“இறங்கிப் போயிருப்பானெல்லோ?” என்று இந்த முறை நானாவைப் பார்த்துக் கேட்டார். நானாவுக்கு றெஜியைத் தெரியாது.

“போயிரிப்பார் உம்மா” என்றார் நானா. “நிச்சயமாப் போயிரிப்பார்.”

அம்மா அதற்குப் பிறகுதான் பிளேன்டி கேட்டார்.

அன்றைக்கே மைக்குக்கு முன்னால் இருத்திப் பதில் பதிந்தோம். ஒரு முழுக் கசெற்றை நிரப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் செருமினார். சுவரைப் பார்த்தார். “மகன், கால் நோகேல்லையா?” என்றார். அவ்வளவுதான் வந்தது. பின்னால் இன்னொரு கோச்சி போனது. நானா அழிக்கட்டுமா என்று கையால் கேட்டார். வேண்டாம் என்றேன். வெள்ளவத்தைக் கோச்சி என்றால் அவனுக்குத் தெரியும். கேட்கட்டும்.

சிஸ்டர் அதைக் கொண்டுபோனார். போய்ச் சேர்ந்ததா என்று எங்களுக்குத் தெரியாது.

பிறகு

றெஜி திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்த இடத்தில் அவன் இருந்தான் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். இதற்கு மேல் அதைப்பற்றி எழுதமாட்டேன். என் வாயில் வருகிறதை நீங்கள் அச்சில் போடமாட்டீர்கள்.

அம்மா இருக்கும்வரை கேட்டார். பாட்டுக் கேட்கிற மாதிரி. “அவன் சைக்கிள் ஓடினதைப் போடு” என்பார். சீனி வருத்தத்தில் கண் மங்கிய பிறகு இன்னும் கூடுதலாகக் கேட்டார். களைச்சுப்போனான், இதில கொஞ்சம் ஆறுறான், இஞ்ச திரும்ப எழும்புறான் என்று கூடவே சொல்லிக்கொண்டு வருவார். சில நாளில் “மெதுவா மிதியடா” என்று ஏசுவார்.

இப்போது நான் பெரிய மண்டபங்களுக்கு ஒலி அமைப்பு ரியூன் செய்து கொடுக்கிறேன். சொஃப்ட்வெயார்கள் எங்கேயோ போய்விட்டன. துரத்துகிற பில்டர் கட்டத் தேவையில்லை, ஒரு பட்டனை அமத்தினால் போதும். எது குரல், எது இரைச்சல் என்று அதுவே தீர்மானிக்கும். இளம் பிள்ளைகள் எனக்குக் காட்டிப் பெருமைப்படுகிறார்கள். நல்ல சாமான்தான், பொய் சொல்லமாட்டேன். அந்தக் கசெற்றை மட்டும் அதில் போட்டதில்லை. போட்டால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கடைசி இடத்தைச் சுத்தமான மௌனமாக்கித் தரும்.

கொம்பியூட்டர் மாறும்போதெல்லாம் அந்தக் கோப்பைத்தான் முதலில் மாற்றுவேன். சில நேரம் அதைத் திறந்து, கேட்காமல், படத்தை மட்டும் பார்ப்பேன். வளைந்து வளைந்து போகிற கோடு. சின்னம்மா போனபிறகு அது தனியாக ஓடுகிறது. இரண்டு தரம் செருமல். பிறகு கோடு ஏறுகிறது. ஏறி அந்த உயரத்திலேயே நிற்கிறது.

கடைசியில் அது விழவே இல்லை. கால் களைத்து, சக்கரம் தளர்ந்து, இரைச்சல் இறங்கியிருந்தால் படத்தில் தெரியும். அப்படி ஒன்றும் இல்லை. முழு வேகத்தில் இருக்கும்போது டக் என்று வெட்டுப்படுகிறது.

முடிந்தது ரேப்தான். அவன் மிதித்துக்கொண்டிருந்தான்.